பேனரின் நான்கு மூலைகள்

1

பாரிஸ் விமான நிலையத்தில் சுங்க அதிகாரி எங்கள் பெட்டியைத் திறக்கச் சொன்னார். உள்ளே கருவாடு இருந்தது. வெளிநாட்டில் இருக்கும் நம் ஆட்கள் எவரைக் கேட்டாலும் சொல்வார்கள், வேறெங்கும் உறுத்தாத மனசாட்சி அந்த மேசை முன்னால் மட்டும் எழுந்து உட்கார்ந்துகொள்ளும்.

அவர் கருவாட்டைக் கண்டுகொள்ளவே இல்லை. அதன்மேல் மடித்து வைத்திருந்த பேனரின் ஒரு முனையைப் பிடித்து இழுத்தார். அது வந்தது, வந்துகொண்டே இருந்தது. மேசையை மூடி, தரையில் இறங்கி, எங்களுக்குப் பின்னால் நின்ற ஒரு வெள்ளைக்கார அம்மாவின் தள்ளுவண்டியில் போய் முட்டியது. அதில் ஐந்து வளையங்கள், ஈஃபில் கோபுரம், இரண்டு சிங்கம், ஒரு சூரியன். அடியில் வரிசையாகக் கறுப்புக் கண்ணாடி போட்ட இளைஞர்களின் வட்ட வட்ட முகங்கள். நடுவில் என் மகள் எஸ்தர். தலைக்கு மேல் கொட்டை எழுத்தில் ‘ஒலிம்பிக் நாயகியே வருக! வருக!’

“இது விற்பனைக்கா?” என்று கேட்டார்.

“இல்லை, இது நான்” என்றாள் எஸ்தர், பிரெஞ்சில்.

அவர் வளையங்களைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். “நீ ஒலிம்பிக் வீராங்கனையா?”

“இல்லை. நான் பிரேக் டான்ஸ் ஆடுகிறேன். அடுத்த ஒலிம்பிக்கில் அது கிடையாது.”

“ஓ, எல்லோரும் சிரித்தார்களே, அதுவா?” என்று அவரும் சிரித்தார். கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை. ஆனால் என்னால் கூடச் சிரிக்க முடியவில்லை. ஏனென்றால் இதே சிரிப்பில் தொடங்கிய ஒன்று எங்கள் ஊரில் எங்கே போய் நின்றது என்பதைக் கொஞ்ச நாள் முன்புதான் பார்த்துவிட்டு வருகிறேன். எஸ்தர் குனிந்து பேனரை மடித்தாள். நான் ஒரு முனையைப் பிடிக்கப் போனேன், வேண்டாம் என்று தலையசைத்தாள். பின்பக்கம் ஒட்டியிருந்த மண் உதிராதபடி, மாதா கோயில் பீடத்துத் துணியை மடிப்பதுபோல் பார்த்துப் பார்த்து மடித்தாள்.

அந்தப் பேனர் இடத்தைப் பிடித்துக்கொண்டதால் மிளகாய்த்தூளும் வடகமும் ஊரிலேயே நின்றுவிட்டன. என் மனைவி ஜெசிந்தா அதற்காக இன்னும் முகம் கொடுத்துப் பேசவில்லை. அவளுக்கு ஒருமுறை சொல்லியாயிற்று. உங்களுக்கும் ஒழுங்காகச் சொல்லிவிடுகிறேன்.

2

நான் முன்பு பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட பகுதியில், பாகூர் ஏரிக்குக் கீழே உள்ள ஒரு சின்ன ஊர்க்காரன். பெயர் ஆரோக்கியம். படித்துப் பட்டம் வாங்கி இங்கே வந்தவன் இல்லை. ஜெசிந்தாவின் அப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்றவர், எங்கள் பக்கம் ‘சொல்தா’ என்பார்கள். அவளுக்கு அந்த நாட்டுக் குடியுரிமை இருந்தது, எனக்கு அவள் கிடைத்தாள். ஊரில் இன்றைக்கும் என்னை ‘நேஷனாலிட்டி மாப்ள’ என்றுதான் கிண்டல் செய்கிறார்கள். பாரிசுக்கு வெளியே ஒரு புறநகரில் பள்ளிக்கூடச் சமையற்கூடத்தில் வேலை. காலையில் காரட் சீவ ஆரம்பித்தால் மதியம் தட்டுக் கழுவுவது வரைக்கும் அங்கேதான்.

பாரிசில் ஒலிம்பிக் நடந்த கோடையில், விடுமுறை முகாம் பிள்ளைகளுக்குச் சமைத்த எங்கள் சமையற்கூடமே விளையாட்டு மேதைகளால் நிரம்பி வழிந்தது. பலகையில் சறுக்குவது விளையாட்டா, சுவரில் பல்லிபோல் ஏறுவது விளையாட்டா, அலைமேல் நிற்பது விளையாட்டா என்று வெங்காயம் வெட்டிக்கொண்டே தீர்ப்பு எழுதுவார்கள். பிரேக்கிங் நடந்த மறுநாள் மட்டும் வாதமே இல்லை, ஒரே சிரிப்புதான். போட்டியில் ஆடிய ஒருவரின் ஆட்டத்தை வெட்டி ஒட்டி உலகம் பூராவும் அனுப்பிக்கொண்டிருந்தார்கள். எங்கள் தலைமைச் சமையல்காரர் ஈரத்தரையில் வழுக்கி விழுந்தார். எழுந்ததும், “எனக்கும் ஒரு பதக்கம் கொடுங்கள்” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நான் தட்டு அடுக்கிக்கொண்டிருந்தேன். என் மகள் இதைத்தான் ஆடுகிறாள் என்று அங்கே யாருக்கும் தெரியாது.

எஸ்தர் சின்ன வயதிலிருந்தே எங்கள் குடியிருப்புப் பிள்ளைகளோடு சேர்ந்து பழகியவள். ஆட்டம் பள்ளிக்கூட வாசலில் அட்டைப்பெட்டியை விரித்துத் தொடங்கியது. அப்புறம் ஒலிம்பிக்கில் சேர்க்கிறார்கள் என்றதும் நகராட்சியே உள்ளரங்கத்தில் நேரம் ஒதுக்கிக் கொடுத்தது. மருத்துவச் சான்று, காப்பீடு, சங்க உறுப்பினர் அட்டை எல்லாம் வந்தன. இந்த நாட்டில் ஒரு காரியம் மரியாதை உள்ளது என்பதற்கு அடையாளமே அதற்கு ஒரு மனு இருப்பதுதான். என் மகள் தலையில் நின்று சுற்றுவதற்கு நான் மூன்று இடத்தில் கையெழுத்துப் போட்டபோது எனக்கே கொஞ்சம் பெருமையாக இருந்தது.

அந்த வாரம்தான் ஊரிலிருந்து குடும்ப வாட்ஸ்அப் குழுவில் அந்த வீடியோவும் வந்தது. பின்னாலேயே குரல் பதிவுகள். “கபடி இல்லியாம், தரையில பொரள்றது இருக்குதாம்!” “வழுக்குமரத்த சேக்கச் சொல்லுங்கோபா, நம்மூருக்கே தங்கம்!” “அலையில நிக்கறதுக்கு மெடலா? நம்ம மீன்காரங்களுக்கு வூடு கொள்ளாதே!” எஸ்தர் என் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொன்றையும் கேட்டாள். வெளிநாட்டில் வளரும் நம் பிள்ளைகளின் தமிழைப் பற்றி நாம் ஒரு தப்புக் கணக்குப் போடுகிறோம். பேச வராததால் புரியாது என்று நினைத்துக்கொள்கிறோம். அவளுக்கு எல்லாம் புரிந்தது. எழுந்து போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

கடைசியாக வந்த பதிவு மட்டும் சிரிக்கவில்லை. அது என் அண்ணன் சவரிமுத்துவின் குரல். “ஆரோக்கியம், நம்ம புள்ளையும் இத்தத்தான் ஆடுதா? வேணாம்னு சொல்லுடா.” அவ்வளவுதான்.

3

இந்த வருஷம் பொங்கலுக்கு ஜெசிந்தாவுக்கு லீவு கிடைக்கவில்லை. எஸ்தரும் நானும் மட்டும் போனோம். அதற்குள் அடுத்த ஒலிம்பிக்கில் பிரேக்கிங் இல்லை என்பது எல்லோருக்கும் தெரிந்த செய்தி. எஸ்தருக்குத் தெரியும், எனக்குத் தெரியும், சமையற்கூடத்துக்குத் தெரியும். தெரியாத ஒரே ஆள் என் அண்ணன் மகன் தினேஷ்.

தினேஷ் சேதராப்பட்டில் ஒரு கம்பெனியில் ஷிப்டு வேலை பார்க்கிறான், மற்ற நேரமெல்லாம் எங்கள் ஊர் இளைஞர் மன்றத்துக்குச் செயலாளர். தங்கச்சி எஸ்தர்மேல் உயிர். ‘அவ ஒலிம்பிக் ஆட்டம் ஆடறா’ என்று நான் எப்போதோ சொன்னதை அவன் அப்படியே பிடித்துக்கொண்டான். ஆட்டோ ஊருக்குள் திரும்பியதும் ஆலமரத்தடியில் அந்தப் பேனரைப் பார்த்தோம்.

நம் பக்கத்துப் பேனர் மோகத்தைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பிறந்தாலும் பேனர், காது குத்தினாலும் பேனர், செத்தாலும் பேனர். ஆனால் பேனருக்கு மட்டும் சாவு கிடையாது. விசேஷம் முடிந்தால் மாட்டுக் கொட்டகைக்குக் கூரை, வைக்கோல் போருக்குப் போர்வை, அறுப்பு நாளில் நெல் காய வைக்கப் படுதா. நாங்கள் போனபோதும் ரோட்டோரம் முழுக்கப் பழைய தலைவர்களின் முகத்தின்மேல் சம்பா நெல் காய்ந்துகொண்டிருந்தது. காற்று அடித்தால் படுதா சுருட்டிக்கொள்ளும் என்று மூலைக்கு ஒரு கல் வைத்திருப்பார்கள், கல் கிடைக்காத இடத்தில் ஒரு ஆள் மூலையை மிதித்துக்கொண்டு நிற்பான்.

பேனரைப் பார்த்ததும் எஸ்தர் முதலில் சிரித்தாள், பிறகு முகம் மாறியது. “அப்பா, என் படத்த திருப்பி போட்டிருக்காங்க.”

அவள் ஒற்றைக் கையை ஊன்றித் தலையில் நிற்கும் படத்தைத் தினேஷ் கொடுத்திருக்கிறான். பாகூர் ஃபிளெக்ஸ் கடைக்காரருக்கு அது பொறுக்கவில்லை. ஆளைத் தலைகீழாகப் போட்டால் அபசகுனம் என்று நேராகத் திருப்பி அடித்துவிட்டார். தலை மேலே வந்துவிட்டது. அதோடு அவள் ஊன்றியிருந்த தரையும் மேலே வந்துவிட்டது. என் மகள் ஒரு சிமெண்டுத் தரையைத் தலையில் சுமந்துகொண்டு, கால் இரண்டும் அந்தரத்தில் தொங்க, ஊரை வரவேற்றுக்கொண்டிருந்தாள்.

“எப்டிடி கீது?” என்று தினேஷ் ஓடிவந்தான்.

எஸ்தர் அவனைக் கட்டிக்கொண்டாள். “நல்லா இருக்கு அண்ணா. ஆனா நான் ஒலிம்பிக் இல்ல.”

“அதெல்லாம் வுடு. இப்ப இல்லன்னா அடுத்த தபா. காணும் பொங்கலன்னிக்கு நீதான் ஸ்பெஷல். நோட்டீஸ்ல போட்டாச்சி.”

காணும் பொங்கல் அன்று எங்கள் ஊர் முழுக்கத் திடலில் கூடும். சாக்கு ஓட்டம், உறியடி, வழுக்குமரம், இதற்கு நடுவே என் மகள். அதைவிடப் பெரிய கவலை ஒன்று இருந்தது. இதெல்லாம் அண்ணனுக்குத் தெரியுமா என்று கேட்டேன். தினேஷ் தலையைச் சொறிந்தான்.

4

அண்ணன் பிள்ளையார்குப்பத்து ஆஸ்பத்திரியில் வார்டு வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எங்கள் அப்பா போன பிறகு என்னை வளர்த்தவர். நான் பிரான்சுக்குப் போகும்போது, “அங்க போயும் எவனுக்கும் கைகட்டி நிக்காத” என்று சொல்லி அனுப்பியவர். அவர் பேச்சை நான் தட்டியதில்லை, இன்றைக்கும் பயம்தான்.

மறுநாள் காலையில் கையில் டீ கிளாசோடு வந்தார். பேனரைப் பார்த்துவிட்டுத்தான் வருகிறார் என்பது நடையிலேயே தெரிந்தது.

“இன்னாடா இது? எம் புள்ள தலையில இன்னாடா சொமை? சித்தாள் மாதிரி மண்ணு தூக்கிகினு நிக்குது!”

“அது கடைக்காரன் பண்ண தப்புண்ணே. படம் தலகீழா…”

“படம் எப்டினா போவட்டும். ஆட்டம்னு நோட்டீஸ்ல போட்டுகிறானுங்களே, அத்த யார கேட்டு போட்டானுங்கோ?”

“அது ஆட்டம் இல்லண்ணே, வெளையாட்டு. ஒலிம்பிக்லயே வச்சாங்க.”

“வச்சவனே எடுத்துட்டான்னு டிவில சொல்லிட்டான். அவனுக்கே வேணாமாம், நமக்கு எதுக்குடா?”

அவர் டீயைக் குடிக்காமல் திண்டில் வைத்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டு பேசினார். அவர் கத்தும்போது நான் தாங்கிக்கொள்வேன், தாழ்த்திப் பேசினால்தான் நடுக்கம்.

“உனக்கு மறந்துட்சாடா? பெரிய வூட்ல ஒரு சாவு வுழுந்தா அப்பா இன்னா பண்ணாரு? மேளத்த கட்டிகினு பொணத்துக்கு முன்னாடி ஆடணும். ஆடினே வுழணும், மண்ணுல பொரளணும். பொரண்டாதான் சில்லறைய வுட்டெறிவானுங்கோ. சுத்தி நின்னு சிரிப்பானுங்கோ. அப்ப எனக்கு மீச மொளைக்கல. சிரிச்சவன் மூஞ்சி ஒவ்வொண்ணும் இன்னும் ஞாபகம் இருக்குது.”

எனக்கு மறக்கவில்லை. அண்ணன் வாலிபனானதும் ஊர்ப் பையன்களைச் சேர்த்துக்கொண்டு, இனி எவன் வீட்டுச் சாவுக்கும் அடிக்க மாட்டோம், ஆட மாட்டோம் என்று சொன்னார். அந்த அறுப்புக்குப் பெரிய வீட்டுக்காரர்கள் எங்கள் தெருவில் ஒருத்தரையும் வேலைக்குக் கூப்பிடவில்லை. வீட்டில் உலை ஏறாத நாட்கள் இருந்தன. பணிந்துபோகச் சொல்லி அப்பாவே அழுதார். அண்ணன் பணியவில்லை. அதற்கப்புறம் எங்கள் தெருவில் யாரும் அடுத்தவருக்காகத் தரையில் விழுந்தது கிடையாது. அந்தப் பையன்கள் சேர்ந்து வைத்ததுதான் இன்றைய இளைஞர் மன்றம்.

“அவ்ளோ பாடுபட்டு எழுந்து நின்னோம். நீ சீமைக்கு போயி உம் பொண்ண வுழறதுக்கு படிக்க வச்சிகிற” என்றார் அண்ணன். “நம்ம வூட்டு பொண்ணு எவளும் மேடையேறி ஆடுனதில்ல. பேனர இன்னிக்கே எறக்கணும்.”

கதவுக்கு அந்தப் பக்கம் எஸ்தர் நின்றிருந்தாள். எவ்வளவு நேரமாக என்று தெரியாது. வெளியே வந்து பெரியப்பாவின் முன்னால் நின்றாள்.

“நான் மேடையில ஏற மாட்டேன் பெரியப்பா. கீழ ஆடறேன். பிரேக் கீழதான்.”

அவர் அவளை நிமிர்ந்து பார்க்காமல் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார். டீ ஆடை படிந்து அங்கேயே கிடந்தது.

நான் அவளிடம் கெஞ்சினேன் என்றே சொல்லலாம். உனக்கு இது தேவையா, இரண்டு வாரம் இருந்துவிட்டுச் சிரித்த முகமாகப் போய்விடலாமே என்றேன். அவள் பிரெஞ்சுக்குத் தாவிவிட்டாள். கோபம் வந்தால் அவளுக்குத் தமிழ் போய்விடும். அங்கே என்னை ஊர் எது என்று கேட்கிறார்கள், இங்கே என்னைப் பிரான்சுப் பெண் என்கிறார்கள், நான் நானாக இருப்பது அந்த வட்டத்துக்குள் மட்டும்தான், அதை ஒருமுறை இங்கே காட்டிப் பார்க்கிறேன் என்றாள். பிறகு எனக்குச் சந்தேகமே இருக்கக் கூடாது என்பதுபோல் தமிழில் சொன்னாள்.

“அவங்க சிரிச்சா, அப்பா, நான் இனிமே இந்த ஊருக்கு வரமாட்டேன். நீ மட்டும் வா.”

அவள் அம்மாவைப் போல. மிரட்ட மாட்டாள், தகவல் சொல்வாள். சொன்னதைச் செய்வாள். எங்கள் ஊர் சிரிக்காமல் இருக்குமா? சாக்கு ஓட்டத்தில் ஒருத்தன் விழுந்தாலே ஒரு வாரம் சிரிக்கிற ஊர்.

5

காணும் பொங்கல் அன்று மதியத்துக்கு மேல் திடலில் ஜனம் சேர்ந்தது. வாடைக்காற்று விட்டு விட்டு அடித்தது. மேடையில் பரிசுக்கு எவர்சில்வர் குடங்களை அடுக்கி வைத்திருந்தார்கள். அண்ணன் வரமாட்டேன் என்று சொல்லிவிட்டார். மன்றம் தொடங்கியதிலிருந்து அவர் இல்லாமல் நடக்கும் முதல் விழா அது. எல்லோரும் அதைக் கவனித்தார்கள், எவரும் கேட்கவில்லை.

உறியடி முடிந்ததும் தினேஷ் மைக்கைப் பிடித்தான். திடல் மணலில் சுற்றி ஆடினால் தோல் உரிந்துவிடும், வழவழப்பாக ஏதாவது விரிக்க வேண்டும் என்று எஸ்தர் சொல்லியிருந்தாள். அவன் யோசிக்கவே இல்லை. அப்பன் இறக்கச் சொன்ன பேனரைத்தான் கொண்டுவந்து நடுத்திடலில் விரித்தான், படம் மேலே தெரிய. மூலைக்குக் கல் வைக்கப் போனவனை எஸ்தர் தடுத்தாள். சுற்றும்போது கல்லில் கால் பட்டால் எலும்பு போய்விடும்.

கூட்டம் வட்டமாகச் சேர்ந்தது. சின்னப் பிள்ளைகளை முன்னால் உட்கார வைத்தார்கள். எஸ்தர் தொளதொளப் பேண்டும் தலையில் கம்பளித் தொப்பியுமாக நின்றாள். பாட்டு ஆரம்பித்தது. அவள் முதலில் நின்றபடியே கால் மாற்றி ஆடினாள், அதுவரைக்கும் சரி. ஒன்றிரண்டு பேர் கைதட்டக்கூடச் செய்தார்கள். பிறகு சட்டென்று கீழே இறங்கினாள்.

“ஐயையோ, உழுந்துட்ச்சிபா!”

“புடிங்கடி புள்ளைய!”

இரண்டு பொம்பளைகள் நிஜமாகவே ஓடிவந்தார்கள். அவள் கையை ஊன்றிக் காலைச் சுழற்றினாள். வந்தவர்கள் உதைபடாமல் பின்வாங்கியதில் ஒருத்தி இன்னொருத்திமேல் விழ, அங்கே தொடங்கியது சிரிப்பு. எஸ்தரின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். பல்லைக் கடித்துக்கொண்டு ஆடினாள். முதுகில் சுற்றி, தோளில் ஏறி, தலைக்கு வரப்போன நேரம் பார்த்து வாடைக்காற்று ஒரு வீசு வீசியது. பேனரின் ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு அவள் கால்மேல் சுருட்டியது. அவள் சறுக்கி, மணலில் போய்ப் பக்கவாட்டில் விழுந்தாள்.

திடலே சிரித்தது. விசில் பறந்தது. பின்னாலிருந்து ஒருவன் சந்தோஷமாகக் கத்தினான்.

“டேய், சாவு ஆட்டம்டா!”

எஸ்தர் எழுந்து நின்றாள். முழங்கையில் ரத்தம். அழவில்லை. கூட்டத்தில் என்னைத் தேடிக் கண்டுபிடித்து, நேராகப் பார்த்தாள். சொன்னேனே என்றது அந்தப் பார்வை. நான் அவளிடம் போக வேண்டும் என்று நினைத்தேன். நின்ற இடத்தைவிட்டு நகரவில்லை.

அப்போது மேற்குப் பக்கம் கூட்டம் விலகியது. அண்ணன் வந்தார். வரமாட்டேன் என்றவர் எங்கே நின்று பார்த்துக்கொண்டிருந்தாரோ, தெரியாது. சட்டை இல்லை, செருப்பு இல்லை, லுங்கியை மடித்துக் கட்டியிருந்தார். சிரிப்பு அடங்கியது. அவள் கையைப் பிடித்து வீட்டுக்கு இழுத்துக்கொண்டு போகப் போகிறார் என்றுதான் நான் நினைத்தேன், ஊரும் அப்படித்தான் நினைத்திருக்கும்.

“சாவு ஆட்டம்னு எவன்டா சொன்னது?” என்றார். மைக் தேவைப்படாத குரல். “முன்னாடி வா.”

யாரும் வரவில்லை. பாட்டை யாரோ நிறுத்தினார்கள்.

அண்ணன் குனிந்து பேனரைப் பிடித்துத் தூக்கினார். தினேஷ், “அப்பா, அப்பா” என்று ஓடினான். அண்ணன் அதைச் சுருட்டவில்லை. ஒரு உதறு உதறி, அப்படியே புரட்டிப் போட்டார். வளையங்களும் சிங்கங்களும் எஸ்தரின் படமும் தரைப்பக்கம் போய், வெறும் வெள்ளை மேலே வந்தது.

“பொண்ணு மூஞ்சிய மேல வச்சா விரிப்பாங்கோ? அறிவில்ல?” என்று மகனைத் திட்டினார்.

பிறகு நெல் படுதாவில் நிற்பதுபோல ஒரு மூலையில் போய் வெறுங்காலால் அழுத்தி மிதித்தார். கையைக் கட்டிக்கொண்டார். எஸ்தரைப் பார்க்காமல் கூட்டத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

“நீ ஆடு.”

தினேஷ் ஓடிப்போய் இரண்டாவது மூலையில் நின்றான். முதலில் அவளைப் பிடிக்க ஓடிவந்த பொம்பளைகளில் ஒருத்தி மூன்றாவது மூலைக்குப் போனாள், போகும்போதே சேலையை இழுத்துச் செருகிக்கொண்டாள். நாலாவது மூலை காலியாக இருந்தது. அங்கே நின்றிருக்க வேண்டியவன் நான். நான் நகர்வதற்குள் உறியடியில் தோற்ற ஒருவர் கை விரலில் வெற்றிலைச் சுண்ணாம்போடு வந்து மிதித்துவிட்டார்.

பாட்டு வந்தது. எஸ்தர் முழங்கை ரத்தத்தைப் பேண்டில் துடைத்துக்கொண்டு மறுபடி இறங்கினாள். இந்தத் தடவை பேனர் அசையவில்லை. அவள் சுற்றிய சுற்றில் காற்று என் முகத்தில் பட்டதுபோல் இருந்தது. தலைக்கு வந்தாள், கால்கள் மேலே விரிந்தன, பம்பரம்போல் சுற்றினாள். அண்ணனின் காலுக்கு ஒரு முழம் தள்ளி அவள் தலை இருந்தது. அவர் காலை எடுக்கவில்லை. அடுத்த மூச்சுக்கு அவள் நேராக நின்றிருந்தாள்.

கைதட்டினார்களா என்று கேட்பீர்கள். தட்டினார்கள், பிள்ளைகள் கத்தினார்கள். நான் பார்த்தது அண்ணனைத்தான். அவர் மூலையை விட்டு இறங்கி யாரிடமும் பேசாமல் ஏரிக்கரைப் பக்கம் நடந்துபோனார்.

6

மறுநாள் டீக்கடையில் அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. அவரே ஆரம்பித்தார்.

“எனக்கு இன்னமும் புடிக்கல” என்றார். “அது வெளையாட்டும் இல்ல ஒரு மண்ணும் இல்ல. கழுத்து ஒடிஞ்சா யார் பாக்கறது?”

“அப்புறம் ஏண்ணே…”

“நான் திட்டுவேன். அது எம் புள்ள. சிரிக்கறதுக்கு அவனுங்க யாரு?” கிளாசை வைத்துவிட்டுக் கொஞ்சம் பொறுத்துச் சொன்னார். “அப்பா வுழுந்தா யாருனா தூக்கிவுடணும். இது தானா எழுந்துக்குதுடா.”

அவ்வளவுதான் பேசினோம். பிறகு பேச்சு, கிரிக்கெட்டைச் சேர்த்தவர்கள் கபடியை ஏன் சேர்க்கவில்லை என்று போய்விட்டது.

எஸ்தர் தினேஷிடம் அந்தப் பேனரைக் கேட்டு வாங்கிக்கொண்டாள். மாட்டுக் கொட்டகைக்கு ஏற்கெனவே பேசி வைத்திருந்தவர் முணுமுணுத்தார். அவள் விடவில்லை. விமானத்தில் பத்து மணி நேரம் பக்கத்தில் உட்கார்ந்து வந்தும் இனி ஊருக்கு வருவாயா என்ற அந்த ஒரு கேள்வியைக் கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. ஊர் சிரித்தது, அதை மறுக்க முடியாது. அவள் சொன்னதைச் செய்கிறவள், அதையும் மறுக்க முடியாது. பாதி வழியில் அவள் தூங்கிப்போனாள். முழங்கைக் காயத்தில் அண்ணன் வைத்துக் கட்டிய ஆஸ்பத்திரிக் கட்டு அவிழாமல் இருந்தது.

வீட்டுக்கு வந்த வாரம் நகராட்சியிலிருந்து தகவல் வந்தது. உள்ளரங்கத்தில் பிரேக்கிங்குக்கு ஒதுக்கிய நேரம் ரத்து. அடுத்த ஒலிம்பிக்கில் இருக்கிற விளையாட்டுகளுக்கு முன்னுரிமையாம். அந்த நேரம் சுவரேறும் பிள்ளைகளுக்குப் போய்விட்டது. நான் நகராட்சிக்குப் போய் வரிசையில் நின்றேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த பெண் மிகவும் மரியாதையாகப் பேசினாள். எனக்கு அரைகுறைப் பிரெஞ்சு. ‘என் மகளுக்கு இடம் வேண்டும்’ என்று சொல்ல வந்து, கோபத்தில் என்னவோ சொன்னேன். அவள் தலையை ஆட்டிக்கொண்டே வேறு ஒரு மனுவை நீட்டினாள். வாங்கிக்கொண்டு வந்தேன்.

எஸ்தர் அதைப் படித்துக்கூடப் பார்க்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலை பேனரைத் தூக்கிக்கொண்டு கீழே இறங்கினாள். நானும் பின்னால் போனேன். எங்கள் குடியிருப்பின் அடியில், கார் நிறுத்தும் இடத்துக்கும் குப்பைத் தொட்டிகளுக்கும் நடுவே ஒரு திறந்த சதுரம் உண்டு, காற்று நாலு பக்கமும் வந்து மோதும். அங்கே விரித்தாள். படம் கீழே, வெள்ளை மேலே. பின்பக்கம்தான் கைக்கு நன்றாகப் பிடிக்கிறது என்றாள். ஒரு மூலையில் எங்கள் ஊர் மண், ஒரு பெரிய குதிகாலின் அச்சாகக் காய்ந்து ஒட்டியிருந்தது. வெடிப்புகள்கூடத் தெரிந்தன.

காற்று வந்தது. எதிர் மூலை படபடவென்று அடித்துத் தூக்கியது. மேல்மாடி ஜன்னலில் ஒருவர் எட்டிப் பார்த்துச் சிரித்தார்.

“அப்பா, அந்த மூலைய மிதி” என்றாள்.

நான் ஷூவையும் சாக்ஸையும் கழற்றினேன். ஜனவரிக் குளிர் உள்ளங்காலில் ஏறியது.

“ஷூவோட நிக்கலாம்பா.”

“பரவால்ல.”

அவள் என் வெறுங்காலைப் பார்த்தாள், அந்தக் குதிகால் அச்சைப் பார்த்தாள். மணிக்கட்டைச் சுழற்றிக்கொண்டே, ஏதோ சந்தைக்குப் போகும்போது நினைவு வந்ததுபோல் சொன்னாள்.

“அடுத்த பொங்கலுக்கு பெரியப்பாவுக்கு ஒரு நல்ல ஷூ எடுத்துகினு போவணும்.”

நான் மூலையை இன்னும் அழுத்தி மிதித்துக்கொண்டு கையைக் கட்டிக்கொண்டேன். ஜன்னலில் சிரித்த ஆளை அவர் உள்ளே போகிற வரைக்கும் பார்த்தேன்.

“ஆடு” என்றேன்.